மூன்றுக்கு ஒன்று

சோஸ்னோவ்காவில், மலைச்சாலை ஏறத் தொடங்கும் திருப்பத்தில்
என் கடை. பழைய டயர், ஃபேன் பெல்ட், சூரியகாந்தி விதை,
ரேடியேட்டருக்கு ஊற்றும் பச்சைத் திரவம்.
பாதிக்குப் பாதி கலக்க வேண்டும்.
நான் கலந்தது மூன்று பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு.
மீதியைச் சாயம் பார்த்துக்கொண்டது.

தெரியாமல் செய்யவில்லை.
பள்ளியில் எனக்கு வராத பாடங்களில் வேதியியல் இல்லை.

தண்ணீர், வெளியே போகத் துடிக்கும் கூட்டம்.
மேலே காற்று கை வைத்து அழுத்திக்கொண்டிருக்கும்.
உள்ளிருந்து தள்ளுவதும் அந்தக் கையும்
சமமாகிற நொடிக்குப் பெயர்தான் கொதி.
வேறொன்றை அதில் கரைத்துவிட்டால்
வாசலில் போகும் எண்ணமே இல்லாத ஆட்கள் வந்து நிற்பார்கள்.
தண்ணீருக்கு வழி குறையும்.
வெளியேற இன்னும் கொஞ்சம் சூடு தேவைப்படும்.
எத்தனை பேரை நிறுத்தினாயோ அத்தனைக்கு.

நான் நிறுத்தியது கொஞ்சம் பேரை.

மேலே, மூவாயிரம் மீட்டரைத் தாண்டினால் சுரங்கப்பாதையின் வாய்.
அங்கே காற்றின் கை, காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் கை.
என் அடுப்பில் தொண்ணூற்றேழு டிகிரி வரை பொறுக்கும் தண்ணீர்
அங்கே தொண்ணூறுக்கே பொங்கிவிடும்.

ஜூனில் ஜும்கல்பெக் வந்தான்.
லாரியில் நாற்பது தேன்கூட்டுப் பெட்டிகள்,
வலையால் வாய் கட்டியவை.
சூசாமிர் சமவெளியில் பூத்துவிட்டதாம்.
லாரிக்கு அவன் வயது இருக்கும்;
ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கை விரலால் அழுத்திப் பார்த்தேன்,
எதிர்ப்பே இல்லை. அதையும் சொல்லவில்லை.
இரண்டு கேன் வாங்கினான்.
பெட்டிகளின் இரைச்சல் வளைவைத் தாண்டியும் கேட்டது.

ஒன்பது நாள் கழித்துத் திரும்பினான்,
வலது கையில் முழங்கை வரை கட்டு.

"சுரங்கத்துக்கு நாலு வளைவு கீழே பொங்கிவிட்டது, எஜே.
அவசரத்தில் மூடியைத் திறந்தேன்.
வண்டி நின்றால் பெட்டிக்குள் வெக்கை ஏறும்,
தேனீ வெந்துவிடும். அதனால் வலையை அவிழ்த்தேன்.
வெளியே பறந்தன. சாயங்காலம் குளிர் இறங்கியது.
பதினேழு பெட்டி காலி."

நான் கல்லாப்பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தப்பு என்னுடையதுதான்.
வழியில் ஓடைத் தண்ணீரை ஒரு குவளை ஊற்றினேன்.
உங்கள் சரக்கைக் கெடுத்துவிட்டேன்.
அடுத்த முறை கலப்பில்லாமல் போவேன்."

ஒரு குவளை!
இருபது லிட்டரில் ஒரு குவளை
ஒரு டிகிரியைக்கூட அசைத்திருக்காது.
கணக்கு நாக்கு நுனிக்கு வந்தது,
அங்கேயே நின்றது.

உள்ளே போய் முத்திரை உடைக்காத கேனை எடுத்துவந்தேன்.
அதே விலை என்றேன். அவன் பேரம் பேசவில்லை.
இடது கையால் ஒரு ஜாடித் தேனை மேசையில் வைத்தான்,
என் பொருளை நான் குறை சொல்லவில்லை என்பதற்கு அடையாளமாக.

அன்றிலிருந்து டீயில் சர்க்கரைதான் போடுகிறேன்.
ஜாடி அலமாரியில் இருக்கிறது.

டிசம்பரில் மைனஸ் இருபத்தாறு இறங்கிய இரவு
பின்கட்டில் ஏதோ வெடித்தது.
காலையில் பார்த்தால், விற்காமல் ஒளித்துவைத்த மூன்று கேன்களும்
வயிறு வீங்கி, தையல் பிரிந்து,
தரையோடு ஒட்டிக்கொண்ட பச்சைப் பனிக்கட்டி.
கொதியைத் தள்ளிவைக்கிற அதே கூட்டம்தான்
உறைவதையும் தள்ளிவைக்கும்.
இரண்டு வாசலுக்கும் நான் ஆள் போடவில்லை.

மண்வெட்டியால் செதுக்கி எடுக்க மதியமாகிவிட்டது.
தேன் வெளுத்து இறுகியிருந்தது, ஜாடியில் ஒரு கீறல் இல்லை.

அடுத்த ஜூனில் அவன் வருவான்.
அவனிடம் சொல்ல வேண்டியதை
கெட்டிலை அடுப்பில் ஏற்றிவிட்டு உரக்கச் சொல்லிப் பார்க்கிறேன்.
சின்ன வாக்கியம்தான்.
தண்ணீர் சத்தம் போடத் தொடங்கும் முன்பே
முடிந்துவிடுகிறது.